ஒரு காம்பரா, இரண்டு பிள்ளைகள், ஏழு கட்டுக் கடுதாசி

ஹட்டன் டவுனில் போட்டோக் கொப்பிக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். பகல் முழுவதும் அடுத்த வீட்டுக் கடுதாசிதான் என் கையில்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎஃப் கடிதம், மொடல் பேப்பர். மாலையில் டிக்கோயாப் பக்கம் பஸ் ஏறி இறங்கினால் என் வீட்டுக் கடுதாசி காத்திருக்கும். மகள் தரம் 5, மகன் தரம் 1. லயத்து வீடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டியதில் ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, பின்னால் குசினி, முன்னால் இஸ்தோப்பு. அதற்குள் நான், மாமி, பிள்ளைகள் இரண்டு பேர். கொழும்பில் கடையில் நிற்கிற வீட்டுக்காரர் தீபாவளிக்கு வந்தால் ஐந்து பேர்.

இவ்வளவு இடத்தில் இரண்டு பிள்ளைகளின் ஒரு வருடத்துக் கடுதாசியை எப்படி அடக்குவது என்று மூன்று வருடமாகப் பழகியதைத்தான் எழுதுகிறேன். பெரிய வீட்டுக்காரர்கள் தனி அலுமாரி வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இருக்கிற ஒன்றுக்கு மேல் இன்னோர் அலுமாரி வைத்தால் பாய் விரிக்க இடமில்லை.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் நர்சரியிலிருந்து கொண்டுவந்த எதையும் எறிய மனசு வராமல் ஓர் உரச்சாக்கைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டுக்கொண்டே வந்தேன். சாக்கு நிறைந்ததும் அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். அந்த ஜூலை மழையில் தகரக்கூரையில் ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. நேராகச் சாக்குக்குள். எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு மாதம் கழித்து வாடை வந்து இறக்கிப் பார்த்தால் மூன்று வருடத்துச் சித்திரமெல்லாம் ஒரே கட்டியாக, அறுத்த சவர்க்காரம் மாதிரி இருந்தது. நர்சரியில் முதல் நாள் கையை மையில் முக்கிப் பதித்த தாளும் அதற்குள்தான். எல்லாவற்றையும் வைத்தவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, இனி எறிந்துவிடுவோம் என்று நினைத்தால் மாமி விடமாட்டார்.

"எழுத்து இருக்கிற கடுதாசியக் கிழிக்காத புள்ள. கடுதாசி இல்லாமத்தான் எங்க அப்பா நாடில்லாம நின்னாரு."

மாமி சொல்வது பொய்யில்லை. 1948இல் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை பறிபோனது. அதன்பின் வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள், இத்தனை வருடம் இந்த நாட்டிலேயே இருந்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். மாமியின் அப்பாவிடம் காட்ட ஒன்றுமில்லை. விண்ணப்பம் தள்ளுபடி. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 1984இல் இந்தியாவுக்குப் போகிற தலைமன்னார்க் கப்பலும் நின்றது. கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் மாமி இந்த நாட்டுப் பிரஜை ஆனார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்குக் கிட்ட. அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே அவருடைய தகரப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய் "தேவையில்லாததை எறிவோம் மாமி" என்று நான் எந்த வாயால் சொல்வது?

யோசித்துப் பார்த்ததில் மாமியின் பயத்திலேயே வழி இருந்தது. ஒரு தாளை எடுத்தால் ஒரே கேள்விதான்: இதை யார் கேட்பார்கள்? கவுன்டருக்குப் பின்னால் இருக்கிற ஒருவர் கேட்பாரா, டீச்சர் கேட்பாரா, அல்லது பத்து வருடம் கழித்து நாமே தேடுவோமா? கவுன்டர்க்காரர் கேட்பது ஒன்றுகூடத் தொலையக்கூடாது. டீச்சர் கேட்பது அந்தத் தவணை முடியும்வரை இருந்தால் போதும். நாம் தேடப்போவது கொஞ்சமாக, நல்லதாக இருக்க வேண்டும். யாருமே கேட்காதது வெளியே போகலாம். மாமிக்கும் இது சரியாகப் பட்டது.

கவுன்டரில் கேட்கிற கடுதாசி

இதற்குப் பிள்ளைக்கு ஒரு ஃபைல். நிறம் வேறு வேறாக இருந்தால் அவசரத்தில் மாறாது. உள்ளே போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கார்ட், தவணை முன்னேற்ற அறிக்கைகள், போட்டிச் சான்றிதழ்கள், பாடசாலை மாறினால் விடுகைப் பத்திரம். கிளினிக் கார்ட்டைச் சிலர் பிள்ளை நர்சரிக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். தரம் 6இல் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் எச்பிவி ஊசி, தரம் 7இல் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் ஏடிடி ஊசி என்று பாடசாலையிலேயே போடும்போது அது மறுபடியும் தேவைப்படும். பிறப்புச் சான்றிதழ் 15 வயதில் அடையாள அட்டைக்கு வேண்டும். தமிழ்த்தினப் போட்டியில் கிடைத்த சான்றிதழ் சின்ன விஷயமாகத் தெரியலாம். நாளைக்கு வேறு பாடசாலையில் சேர்க்க நேர்முகத்துக்குப் போனால் அதைத்தான் மேசையில் வைக்கச் சொல்வார்கள்.

கடையில் தினமும் பார்க்கிற இரண்டு தப்பு உண்டு. ஒன்று, பிறப்புச் சான்றிதழை லெமினேட் செய்வது. பத்திரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது என்று சில இடங்களில் வாங்க மாட்டார்கள். ஒட்டியதைப் பிறகு பிரிக்கவும் முடியாது. நான் மூலப்பிரதியை லெமினேட் செய்து கொடுப்பதில்லை, போட்டோக் கொப்பி எடுத்து அதைச் செய்து கொடுக்கிறேன். முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இரண்டாவது, போட்டோக் கொப்பியை மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் வைப்பது. கொப்பியின் மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் எழுத்து உறையோடு வந்துவிடும். இடையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்தால் தப்பலாம்.

இந்த இரண்டு ஃபைலும் மாமியின் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டிக்குக் கீழே நாலு செங்கல். சிமெந்துத் தரையில் நேராக வைத்தால் ஈரம் ஏறும்.

கொப்பியும் மொடல் பேப்பரும்

பாடநூல் நம்முடையது இல்லை. 1980இலிருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, திருப்பிக் கேட்கிற புத்தகமும் உண்டு. அதனால் அவற்றை ஒரு பக்கம் அடுக்கிவிடுங்கள்.

தரம் 5 பிள்ளை உள்ள வீட்டில் பெரிய தலைவலி புலமைப்பரிசில் மொடல் பேப்பர்தான். பாடசாலையில் ஒன்று, டியூஷனில் ஒன்று, பக்கத்து லயத்து அக்கா கொடுத்தது ஒன்று. ஜூன் மாதத்துக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. செய்து முடித்த பேப்பரை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, அம்மாக்கள்தான் பார்த்துப் பெருமைப்படுகிறோம். மகளுக்கு ஒரு சீஆர் கொப்பி வாங்கி, பிழைவிட்ட கேள்வியை மட்டும் வெட்டி அதில் ஒட்டி, பக்கத்தில் சரியான விடையை எழுதச் சொன்னேன். ஒரு பேப்பரிலிருந்து நாலைந்து துண்டுதான் வரும். மிச்சம் அன்றைக்கே கட்டுக்குப் போய்விடும். பரீட்சைக்கு முந்தின வாரம் படிக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு கொப்பிதான். முழங்கால் உயரம் ஒரு விரல்கடை மொத்தமாகிவிட்டது.

பழைய கொப்பியை எறிவதற்கு முன் வெற்றுப் பக்கங்களைக் கிழித்தெடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். எங்கள் பக்கமும் கொப்பி விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்! அப்போது மகளின் பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாளையெல்லாம் சேர்த்துச் சாக்கு ஊசியால் தைத்துத்தான் சமாளித்தோம். அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாளின் பின்பக்கம் மகனுக்குச் சித்திரம் கீற.

ஒரு கொப்பியை மட்டும் முழுசாக வைக்கிறேன்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தரம் 1இன் தமிழ்க் கொப்பி. 'அ' பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் முதல் பக்கத்திலிருந்து சொந்தப் பெயரை எழுதுகிற கடைசிப் பக்கம் வரை. அதற்கு மேல் வைத்தால் நான் பார்க்கப் போவதில்லை என்று எனக்கே தெரியும்.

சித்திரம்

கஷ்டமான பகுதி இதுதான், இங்கே அவசரப்படக்கூடாது.

காம்பராச் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு நைலோன் கயிறு கட்டினேன். பிள்ளைக்கு ஆறு உடுப்புக் கிளிப். புதுப்படம் வந்தால் தொங்கும். ஏழாவது வந்தால் ஒன்று இறங்க வேண்டும். எது இறங்குவது என்று சொல்கிற உரிமை வரைந்தவருக்குத்தான். இறங்கியது மெத்தைக்குக் கீழே ஓர் அட்டைமேல் போகும். மெத்தைக்குக் கீழே தாள் மடங்காமல், சூடாக, காய்ந்து இருக்கும்.

தவணை விடுமுறையில் ஒரு போயா நாள் பிற்பகல் மெத்தையைத் தூக்குவோம். ஒரு தவணைக்கு ஒரு பிள்ளைக்குப் பத்துப் படம்தான் பெட்டிக்குப் போகலாம். ஆரம்பத்தில் நான் "எதை எறிவோம்?" என்று கேட்டேன். "எல்லாம் வேணும்" என்று இரண்டு பேரும் அழுதார்கள். அதற்கு முந்தின வருடம் கேட்காமலே எடுத்து, மறுநாள் அடுப்புக்குப் பக்கத்தில் பாதி எரிந்த மயிலை மகள் கண்டுபிடித்த சங்கதியும் உண்டு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதில் எது முந்தி?" என்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைகள் பட்டென்று காட்டிவிடுகிறார்கள். காட்டாத பக்கம் குவிந்துகொண்டே போகும், யாரும் அழுவதில்லை.

எதை வைப்பது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். நர்சரியில் அச்சடித்துக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்ன அன்னாசிப்பழம், யானை, தேசியக்கொடி இதெல்லாம் வேண்டாம். முப்பது பிள்ளையும் அதே யானைக்குத்தான் நிறம் தீட்டியது. நேர்த்தியாக இருக்கிறது என்பதற்காக முன்பு அவற்றைத்தான் சேர்த்தேன். வைக்க வேண்டியது பிள்ளை தானாகப் போட்டது. மகன் போன வருடம் அப்பாயியை வரைந்தான். கொழுந்துக் கூடை லயத்தை விடப் பெரிசு, கால் இரண்டும் தீக்குச்சி, ஒரு காலில் கறுப்பாக ஒரு கோடு. டீச்சர் அதற்கு ஒரு சரியும் போடவில்லை. அதுதான் முதலில் பெட்டிக்குப் போனது.

படத்தின் பின்னால் பென்சிலால் திகதி, வயது, பிள்ளை சொன்ன வாசகம் எழுதுங்கள். பேனை வேண்டாம், ஈரம் பட்டால் ஊறி முன்பக்கம் வரும். அந்தப் படத்துக்குப் பின்னால் நான் எழுதியது: "இது அப்பாயி. காலில் இருப்பது அட்டை. அட்டைக்குப் பசி." எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கோட்டை இன்றைக்கு அழுக்கு என்று நினைத்திருப்பேன்.

மீதிப் படங்களுக்கும் போகிற இடம் உண்டு. மாதம் ஒன்று கொழும்புக்கு அப்பாவுக்குப் போகிறது. ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள். கடைக்குப் பின்னால் அவர் படுக்கிற அறைச் சுவர் முழுக்க அதுதானாம். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம் இரண்டுக்கும் வாழ்த்து அட்டை செய்யப் பழைய படத்தில் நல்ல மூலையை வெட்டிக்கொள்கிறோம். பெரிய டெமி தாள் என்றால் கொப்பிக்கு உறை.

வெசாக் கூடு, சவர்க்காரப் பெட்டி வீடு, ஐஸ்கிரீம் குச்சிப் பாலம் இதையெல்லாம் வைக்க நினைக்கவே வேண்டாம். ஒரு வாரம் இஸ்தோப்பில் தொங்கட்டும், பிள்ளை அதைப் பிடித்தபடி ஒரு போட்டோ, அவ்வளவுதான். பருப்பும் பயறும் ஒட்டிய படம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகள் தரம் 2இல் பருப்பால் ஒரு சேவல் செய்தாள். அலுமாரிக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் எலி வந்து சேவலைக் கொண்டையிலிருந்து வால் வரை தின்றுவிட்டது. போகிற போக்கில் என் சேலை முந்தானையையும். மாமி சொன்னார்: "சேவல எலி தின்ன கதை நம்ம வீட்டுலதான்."

போட்டோ எடுப்பது

பெட்டிக்குப் போகாத படத்தை ஃபோனில் எடுத்துவிடுங்கள். வெயில் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். நமக்கு மலையில் பனிமூட்டத்துக்குக் குறைவா? மூட்டமான நாளில் இஸ்தோப்புத் திண்ணையில் படத்தை வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது, நிறம் அப்படியே வரும். கதவு நிலையில் உங்கள் நிழல் படாமல் நில்லுங்கள். நாலு மூலையும் ஃபோனின் நாலு மூலையோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொக்கியுமென்டாக அனுப்ப வேண்டும். கூகுள் கணக்கில் 15 ஜீபீ இலவசம். பிள்ளையின் பெயரில் ஓர் அல்பம் போட்டு ஏற்றினால் ஃபோன் தேயிலைக் காட்டுக்குள் விழுந்தாலும் படம் இருக்கும். நான் டேட்டா மிச்சம் பிடிக்கிறவள், கடை வைஃபையில்தான் ஏற்றுவேன்.

பெட்டியும் ஈரமும்

பெட்டிக்கு நான் பாவிப்பது ஏ4 தாள் வருகிற அட்டைப்பெட்டி. ஐந்து கட்டு, 2500 தாள் கொள்கிற பெட்டி அது. மூடியும் உண்டு, கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள். பிள்ளைக்கு ஒன்று, தரம் 11 முடியும்வரை அந்த ஒன்றுதான். நிறைந்தால் பெட்டி வளராது, உள்ளே இருப்பது குறையும்.

கொழும்புக்காரர்களின் யோசனையை இங்கே அப்படியே செய்யக்கூடாது. பொலித்தீன் பேக்கில் போட்டு இறுகக் கட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டிக்குக் கொஞ்சம் மூச்சு உண்டு. ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். இறப்பர் வளையம் உருகி ஒட்டும். நூலால் கட்டுங்கள். பெஸ்டல் படம் எத்தனை வருடமானாலும் முழுசாகக் காயாது, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒயில் பேப்பர் வையுங்கள். மாப்பசை போட்டு ஒட்டியதைப் பெட்டிக்குள் விடவே வேண்டாம். கரப்பானும், வெள்ளியாக மின்னி ஓடுமே அந்தச் சின்னப் பூச்சியும் பசைக்குத்தான் வரும். பூச்சி உருண்டை நான் போடுவதில்லை. பிள்ளைகள் படுக்கிற அதே காம்பராவில் அந்த வாடை கூடாது. சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுகிறேன்.

பெட்டியைக் கூரைக்குக் கிட்டவும் வைக்காதீர்கள், அடுப்புக்கு மேல் பரணிலும் வைக்காதீர்கள். பரண் காய்ந்த இடம்தான், ஆனால் விறகுப் புகையில் ஒரு வருடத்தில் எல்லாம் தேத்தண்ணி நிறமாகிவிடும்.

எங்கள் பக்கம் பெப்ரவரி, மார்ச்தான் நல்ல வெயில் காலம். அந்த நாளில் ஒரு முறை பெட்டியைத் திறந்து, படங்களை இஸ்தோப்பு நிழலில் பரப்பி, மேலே கல் வைத்து, மத்தியானம் வரை காற்று விடுங்கள். நேர் வெயில் பட்டால் கலர் பேனை வெளுக்கும். நனைந்தது ஏதும் இருந்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள். வெள்ளைத்தாள் மேலும் கீழும் வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டு, தாளை மாற்றி மாற்றிக் காயவிட்டால் பாதியாவது மிஞ்சும். சாக்கு நனைந்த அன்று இது எனக்குத் தெரியாது, ஈரத்தோடு பிய்த்தேன்.

வெளியே போகிற கட்டு

எழுத்துள்ள தாளை அடுப்பில் போடக்கூடாது, பிள்ளைக்குப் படிப்பு வராது என்பது மாமியின் சட்டம். பாதி எரிந்த மயிலுக்குப் பிறகு நானும் ஒத்துக்கொண்டேன். அதனால் கட்டிப் போத்தல் பேப்பர் எடுக்கிறவரிடம் கொடுக்கிறோம். கொடுக்கும் முன் பெயரும் பாடசாலையும் இருக்கிற முன்னட்டையைக் கிழித்துவிடுங்கள். ஒருமுறை பதுளை ரயிலில் நானுஓயாவுக்குப் போகும்போது கடலை வாங்கினேன். சுருட்டிக் கொடுத்த தாளில் ஒரு பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, வகுப்பு, கீழே டீச்சர் சிவப்பில் எழுதிய "கவனயீனம்". கடலை தீரும்வரை அந்தப் பிள்ளையின் ஏழாம் வாய்ப்பாட்டைத் திருத்திக்கொண்டு இருந்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு, அவன் ஐம்பத்துநாலு போட்டிருந்தான்.

போன தவணை முடிவில் நான் நூல் போட்டுக் கட்டி இஸ்தோப்பில் அடுக்கி வைத்தது ஏழு கட்டு. மறுநாள் காலை போத்தல்காரர் சாக்கில் ஏற்றியது ஆறு. மாமி தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்தார். நான் கேட்கவில்லை.